அவள் பார்க்காத லென்ஸ்

அது இல்லை பாய், அது இருபத்தெட்டு எம்.எம். அதற்குப் பின்னால், துணி சுற்றி வைத்திருக்கீங்களே, அந்த இருபதை எடுங்க. டார்ச் இருந்தால் கொடுங்க, உள்ளே பூசணம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன். தப்பா நினைக்காதீங்க. பழைய லென்ஸும் பழைய ஆளும் வெளியே பளபளன்னு இருப்பாங்க, உள்ளே விளக்கு அடித்தால்தான் தெரியும்.

பெயர் வெயிலுமுத்து. கோவில்பட்டியிலிருந்து வருகிறேன். என் நிலா ஸ்டூடியோ என்றால் ஒரு காலத்தில் பஸ்ஸை நிறுத்தி, கையைப் பிடித்து இறக்கிவிடுவான் கண்டக்டர். ஒரு தடவை ரயிலையே நிறுத்தினார்கள் என்று சொன்னால் நம்ப மாட்டீங்க. அதை விடுங்க. இப்போது அந்த இடத்தில் செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டுகிறார்கள்.

இந்தத் தட்டில் மூன்று வைத்திருக்கீங்க. இருபத்தெட்டு, இருபத்தி நாலு, இருபது. எண் குறையக் குறைய அகலம் கூடும், இடுக்கான இடத்தில் சுவரோடு சுவராக முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாலும் ஒரு அறையையே அள்ளிக்கொண்டு வரும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்வேன். சொல்லிப் பழகிவிட்டது.

எந்த இடமா? எங்கள் வீட்டு அடுப்படி. வளவு வீடு பாய், வரிசையாக ஒரே அச்சில் வார்த்த மாதிரி ஏழெட்டு வீடு இருக்கும். அடுப்படியில் ரெண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருத்தர் பானைக்குள் இறங்கி நின்று வழி விட வேண்டும். ஜன்னல் கிடையாது. வாசல் ஒன்றுதான், அதில் நின்றுதான் எடுக்க வேண்டும்.

யாரை எடுக்கவா? என் வீட்டுக்காரியை. சண்முகக்கனி என்று பெயர். செத்துப்போய் வருஷம் ஆகப்போகிறது.

டீயைக் கீழே வையுங்க பாய், சட்டையில் ஊற்றிக்கொள்ளப் போறீங்க.

நான் புளுகுவேன், ஒத்துக்கொள்கிறேன். ஊரில் கேட்டுப் பாருங்க, வெயிலுமுத்து சொன்னால் பாதியைத் தள்ளிவிட்டு மீதியில் பாதியை எடுத்துக்கொள் என்பார்கள். ஆனால் இதில் தள்ளுபடி இல்லை. மத்தியான வேளை, வளவே சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரம், அடுப்படியில் கரண்டி சத்தம் கேட்கும். டங் என்று ஒன்று. அப்புறம் மூடி நகர்கிற சத்தம். நான் எட்டிப் பார்ப்பேன். நேராகப் பார்த்தால் ஒன்றும் இல்லை. ஆனால் கண்ணின் கடைசியில், இடது ஓரத்தில், ஒரு பச்சைச் சேலை. அவளுடைய பச்சைதான். திரும்பினால் அது வலது ஓரத்துக்குப் போய்விடும்.

பயமா? எனக்கா? முதல் நாள் மட்டும் கொஞ்சம் வேகமாக வெளியே வந்தேன். அதாவது வாசலில் போய் நின்றேன். பக்கத்து வீட்டுக் காளீஸ்வரி, "என்ன அண்ணாச்சி, வேட்டிய ஒரு கையில பிடிச்சிக்கிட்டு ஓடியாறீக?" என்றாள். காற்று வாங்க வந்தேன் என்றேன். அந்த வெயிலில்.

ரெண்டாம் நாளே எனக்குத் தொழில் புத்தி வந்துவிட்டது. ஓரத்தில் நிற்கிறாளா, அப்படியானால் படத்துக்குள் கொண்டுவந்துவிடலாம்.

ஏன் இவ்வளவு அவசரம் என்றால், வருஷத் திதி வருகிறது. என் மகன் உமாசங்கர், ஓசூரில் இருக்கிறான், போன் பண்ணினான். "அப்பா, அம்மா போட்டோ ஒண்ணு அனுப்புங்க, பெருசு பண்ணி மாலை போட்டு வைக்கணும்" என்றான். எடுத்து அனுப்புகிறேன் என்று வாய் சொல்லிவிட்டது. பெட்டியைத் திறந்தேன். ஆல்பம் ஆல்பமாக இருக்கிறது பாய். கோவில்பட்டியில் முக்கால்வாசிப் பேருடைய கல்யாணம் என் பெட்டிக்குள்தான் நடந்துகொண்டிருக்கிறது. அவள் மட்டும் ஒன்றிலும் இல்லை.

நீங்க அப்படிப் பார்க்காதீங்க. அவளுக்குப் படம் என்றாலே ஆகாது. ஒரு தீபாவளிக்கு மட்டும் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு ஸ்டூடியோவுக்கு வந்தாள். "இங்காருங்க, ஃபிலிம் ரோல்ல ஒண்ணு மிச்சம் இருக்குன்னீகளே" என்றாள். இருந்தது. ஆனால் அன்றைக்குத்தான் கடை போர்டுக்குப் புதுசாகப் பெயின்ட் அடித்திருந்தேன். மஞ்சளில் எழுதி, சிவப்பில் நிழல் விட்டு, என்ன அழகு. மிச்சத்தைப் போர்டுக்குப் போட்டேன். அவளும் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள். அப்புறம் கேட்டதே இல்லை. சொன்னேனே, ஆகாது.

மகன் விடவில்லை. ஆதார் அட்டையில் இருக்கிற படத்தை எடுத்து கம்ப்யூட்டரில் கொடுத்து, ஏதோ சரி பண்ணி அனுப்பினான். போனில் வந்தது. பார்த்தேன். யாரோ ஒரு அம்மா. சிவப்பாக, கன்னம் உப்பி, நான் வாங்கித் தராத பட்டுச்சேலை, நான் வாங்கித் தராத அட்டிகை. பல்லெல்லாம் வரிசையாக வைத்திருக்கிறான். சண்முகக்கனிக்கு முன்பல் ஒன்று லேசாக மற்றதன் மேல் ஏறியிருக்கும், அதனால் சிரிக்கும்போது உதட்டை இழுத்து மூடிக்கொள்வாள். "இது யாரு, உன் மாமியாரா?" என்று கேட்டேன். "அப்பா, உங்ககிட்ட வேற இருந்தா அனுப்புங்க. இல்லன்னா இதுதான் சுவத்துல" என்றான். கோபமாகத்தான் சொன்னான். நாற்பது வருஷம் படம் எடுத்தவன் வீட்டுச் சுவரில், திதியன்று, யாரோ ஒரு பொம்பளைக்கு மாலை போட்டு நான் கும்பிட வேண்டும். அதுதான் பாய் விஷயம். அதற்குள் எனக்கு அவள் வேண்டும்.

ஐம்பதில் ஆரம்பித்தேன். வாசலில் நின்றால் அடுப்பு மட்டும்தான் வந்தது. அவள் ஓரத்துக்கு வெளியே. முப்பத்தைந்து போட்டேன். அடுப்பு வந்தது, அஞ்சறைப் பெட்டி வந்தது. அவள் இன்னும் ஒரு எட்டு தள்ளி. இருபத்தெட்டு போட்டேன். இன்னும் ஒரு எட்டு. சரி, லென்ஸைக் கூட்ட முடியாவிட்டால் ஆள் பின்னால் போகலாம் என்று கதவைக் கழற்றினேன். போதவில்லை. நிலையைக் கழற்றினேன். போதவில்லை. எதிர்ச்சுவர் இடித்தது. அதனால் எதிர்ச்சுவரை இடித்தேன்.

சிரிக்காதீங்க. முழுசாக இல்லை, தலையும் கேமராவும் போகிற அளவுக்கு. அந்தப் பக்கம் காளீஸ்வரி வீட்டுக் குளியலறை என்று எனக்கு நினைவில்லை. வளவு முழுக்கக் கேட்கிற மாதிரி அலறினாள். அவள் புருஷன் தீப்பெட்டி ஆபீஸில் கணக்குப் பார்க்கிறவர், சாதுவான ஆள், அவரே விறகுக் கட்டையோடு வந்தார். "பெரியவரே, உங்களுக்கு என்னதான் வேணும்?" என்றார். "கொஞ்சம் பின்னாடி போகணும்" என்றேன். "போங்க, ரோடு வரைக்கும் போங்க" என்றார். துணி துவைத்துக்கொண்டிருந்தாள் பாய், அவ்வளவுதான். நான் கும்பிட்டுவிட்டுத் தலையை எடுத்துக்கொண்டேன். ஓட்டையில் இப்போது ஒரு எண்ணெய் விளம்பரத் தகடு அடித்திருக்கிறார்.

அடுப்படி வாசலில் உட்கார்ந்து யோசிக்கும்போதுதான் எனக்கு விளங்கியது. அவள் ஏன் வெளியே நிற்கிறாள், அதுவும் ஒவ்வொரு லென்ஸுக்கும் ஒரு எட்டு தள்ளி நிற்கிறாள் என்று.

அவள்தானே பாய் எனக்கு லைட் பிடித்தவள்.

கல்யாணம் ஆகி வந்த மாசமே பிடிக்க வைத்துவிட்டேன். ஆள் வைத்தால் கட்டுப்படியாகாது. கல்யாண வீடு, சடங்கு வீடு, பால் காய்ச்சுகிற வீடு, எதுவானாலும் நான் கேமராவோடு நடுவில், அவள் ஃப்ளாஷைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓரத்தில். லைட் பிடிக்கிறவர் படத்தில் விழக் கூடாது, ஆனால் ரொம்ப விலகினாலும் வெளிச்சம் பத்தாது. விளிம்பில் நிற்க வேண்டும். சாண் இப்படி வந்தாலும் கெட்டது, அப்படிப் போனாலும் கெட்டது. முதல் ரெண்டு மாசம் கத்தினேன். "முந்தானை விழுது, தள்ளு" என்பேன். "வளையல் விழுது" என்பேன். வளையலைக் கழற்றி வைத்துவிட்டு வந்தாள். அதற்கப்புறம் கத்தவே இல்லை. நான் பையைத் திறந்து எந்த லென்ஸில் கை வைக்கிறேன் என்று ஒரு பார்வை பார்ப்பாள். ஐம்பதா, இங்கே. முப்பத்தைந்தா, ஒரு எட்டு பின்னால். இருபத்தெட்டா, இன்னும் ஒன்று. கோடு போட்ட மாதிரி நிற்பாள். கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன் பாய், அவள் துணி நூல்கூட உள்ளே வராது.

சாத்தூரில் ஒரு பெண் வீடு. மாப்பிள்ளை வீட்டாருக்கு அனுப்புவதற்கு வீட்டையும் பெண்ணையும் சேர்த்து எடுக்க வேண்டும். வீடா அது, தீப்பெட்டி. குச்சியை வெளியே கொட்டிவிட்டுத்தான் உள்ளே போக முடியும். இரவல் வாங்கின இருபத்தி நாலைப் போட்டேன். அரண்மனை மாதிரி விரிந்துவிட்டது. தரை ஓடுகிறது, ஓடிக்கொண்டே இருக்கிறது. படத்தை நம்பி மாப்பிள்ளை வீட்டார் ஒரு வேன் நிறைய வந்து இறங்கிவிட்டார்கள். பாதிப் பேர் தெருவில் நின்றார்கள். வேனில் வந்த ஒரு பெரியவர் பின்வாசல் வழியாக வெளியே போய்விட்டு, "ஹால் எங்க இருக்கு?" என்று கேட்டார். கல்யாணம் நடந்தது, அது வேறு விஷயம். பெண் அப்படி.

அந்த லென்ஸுக்கு வீட்டில் எங்கே நின்றாலும் விழுகிறது. சண்முகக்கனி சுற்றிப் பார்த்தாள். மூலையில் தண்ணீர்த் தொட்டி இருந்தது, சுவருக்குப் பின்னால் பாதி மறைந்து. சேலையைச் சொருகிக்கொண்டு ஏறி உள்ளே இறங்கிவிட்டாள். முழங்கால் வரைக்கும் தண்ணீர். மார்கழி மாசம். கையை மட்டும் வெளியே நீட்டி லைட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெண் வீட்டார் எல்லாரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள், அதனால்தான் படத்தில் எல்லார் முகத்திலும் அப்படி ஒரு சிரிப்பு. நான்கூட இன்றைக்கும் நினைத்து நினைத்துச் சிரிப்பேன். அன்றைக்கு ராத்திரி அவளுக்குக் காய்ச்சல். கஷாயம் அவளே போட்டுக் குடித்துவிட்டாள்.

ஆக, இருபத்தி நாலும் அவளுக்குத் தெரியும். அதைத் தள்ளி வையுங்க. என் பையில் இருக்கிற எல்லாமே அவளுக்குத் தெரியும். எதைப் போட்டாலும் விளிம்புக்கு வெளியே போய்விடுகிறாள். பழகின கால், செத்தாலும் அங்கேதான் போகிறது. எனக்கு அவள் பார்க்காத லென்ஸ் ஒன்று வேண்டும். எங்கே விளிம்பு என்று தெரியாமல் திகைத்து நிற்பாள் பாருங்க, அப்போது அமுக்கிவிட வேண்டும். அதனால்தான் கோவில்பட்டியில் வாங்காமல் மதுரைக்கு வந்தேன். பெட்டி வேண்டாம், பில் வேண்டாம். துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போகிறேன். வாசலில் வைத்துத்தான் பிரிப்பேன்.

இருபது போதுமா? என் கேமரா, மகன் கொடுத்த டிஜிட்டல். உள்ளே படம் விழுகிற சென்சார் சின்னது, அதில் இருபது போட்டால் முப்பது மாதிரிதான் வரும் என்கிறீங்க. பார்த்தீங்களா, அதை நான் யோசிக்கவில்லை. முப்பது என்றால் அவளுக்கு அத்துப்படி. அப்போது அதைவிடக் குறைந்தது, அந்தக் கண்ணாடி முட்டை மாதிரி வெளியே தள்ளிக்கொண்டு இருக்கிறதே, அது என்ன? பத்தா? பத்து போட்டால் எங்கே நின்றாலும் விழுவாள். ஆனால் ஓரத்தில் நிற்கிறவங்களை இழுத்துவிடும், முகம் தோசை மாதிரி ஆகிவிடும் என்கிறீங்க. அது சரிதான். சுவரில் மாட்டுகிற படம், தோசையாக இருந்தால் மகன் கம்ப்யூட்டர் அம்மாவையே மாட்டிவிடுவான்.

சங்கடம்தான்.

இருங்க, ஒரு படம் காட்டுகிறேன். இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாருங்க. போன வெள்ளிக்கிழமை மத்தியானம் எடுத்தது. காலி அடுப்படிதான். அடுப்பு, பானை, தட்டுக் கூடை. ஆள் இல்லை. ஆனால் வெளிச்சத்தைப் பாருங்க பாய். தொழில் தெரிந்தவர் நீங்க, சொல்லுங்க, எங்கேயிருந்து வருகிறது? இடது பக்கம், கொஞ்சம் மேலேயிருந்து. பானையின் வயிற்றில் எப்படி வழிந்து இறங்குகிறது பாருங்க. நிழல் வலது பக்கம் மென்மையாக விழுந்திருக்கிறது. இடது பக்கம் என்ன இருக்கிறது தெரியுமா? சுவர். ஓட்டை கிடையாது, பல்பு கிடையாது. ஃப்ளாஷ் போட்டீங்களா என்று கேட்காதீங்க. ஃப்ளாஷ் ஒரு வருஷமாக பீரோவில் கிடக்கிறது. பிடிக்க யார் இருக்கிறார்கள்?

கையைக் காட்டுங்க, சிலிர்த்திருக்கிறதா? எனக்கும் சிலிர்த்தது. தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் பாய், இப்பவும். எதற்குப் பிடிக்கிறாள் என்றுதான் தெரியவில்லை, நடுவில் ஒருத்தரும் இல்லையே.

என்ன சொன்னீங்க? காது கொஞ்சம் மந்தம், சத்தமாகச் சொல்லுங்க.

நீங்க வர்றீங்களா? எங்கே, கோவில்பட்டிக்கா? நீங்க வந்து லைட் பிடித்தால் அவள் கை ஓய்ந்துவிடும், கை ஓய்ந்தால் அவளே நடுவில் வருவாள் என்கிறீங்க. பாய், நான் புளுகுகிறவன், நீங்க என்னையும் தாண்டிவிடுவீங்க போலிருக்கிறதே. எந்த லென்ஸுக்கு எங்கே நிற்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியுமா? படத்தில் விழுந்துவிடுவீங்க. அப்புறம் கை வலிக்கும். தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்து அசையாமல் நிற்க வேண்டும், விளையாட்டு இல்லை.

அவளுக்கு வலிக்காதா என்று கேட்கிறீங்களா? அவள் சொன்னதே இல்லை.

ஒரே ஒரு தடவை சொன்னாள். கடைசியாகப் போன வேலையில். எட்டயபுரம் ரோட்டில் ஒரு காதுகுத்து வீடு, முன்னறையில் முப்பது பேர் அடைந்து நிற்கிறார்கள், பிள்ளை தாய்மாமன் மடியில் இருக்கிறது, ஆசாரி ஊசியை எடுத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து, "இங்காருங்க, இடது கை என்னமோ கடுகடுன்னு வருது" என்றாள். ஊசி குத்துகிற நேரம் பாய், விட்டால் வராது. "வலது கைக்கு மாத்திப் பிடி" என்றேன். மாற்றிக்கொண்டாள். பிள்ளை வாயைத் திறந்து அழ ஆரம்பிக்கும் பாருங்க, சரியாக அந்த இடத்தில் அமுக்கினேன். அருமையான படம். வெளிச்சம் துளி ஆடவில்லை. மாற்றின வேகத்தில் அவள் முழங்கை மட்டும் ஓரத்தில் உள்ளே வந்துவிட்டது. அவ்வளவு வருஷத்தில் அது ஒன்றுதான் பிசகு. நான் ஒன்றும் சொல்லவில்லை, அந்த ஓரத்தைக் கத்தரித்துவிட்டுத்தான் கொடுத்தேன். மிச்சத்தை அழித்துவிட்டேன், வாடிக்கையாளர் படத்தில் நம் வீட்டு முழங்கை எதற்கு?

வீட்டுக்கு வந்து, உலை வைக்கிறேன் என்று அடுப்படிக்குப் போனாள். கரண்டி விழுகிற சத்தம் கேட்டது. டங் என்று ஒன்று. நான் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எடுத்து வைப்பாள் என்று இருந்தேன்.

ஏன் பாய் கண்ணைக் கசக்குறீங்க? இந்தக் கடையில் தூசி ஜாஸ்தி. பழைய சாமான் என்றால் அப்படித்தான், தினம் தட்ட வேண்டும்.

இது என்ன, எல்லா லென்ஸையும் உள்ளே எடுத்து வைக்கிறீங்க? நான் இன்னும் எதையும் தேர்ந்தெடுக்கவில்லையே. ஐம்பதே போதுமா? என்னிடம் இருக்கிற அந்தப் பழைய ஐம்பதா? நடுவில் வருகிற ஆளுக்கு அகலம் எதற்கு என்கிறீங்க. முகம் தோசை ஆகாது, பல்லும் உள்ளபடி வரும். அது வாஸ்தவம். முகத்துக்கு ஐம்பதை மிஞ்ச ஒன்றும் கிடையாது, நானே ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

ஷட்டரை இறக்குறீங்க. நிஜமாகத்தான் வர்றீங்க போலிருக்கிறது. உங்க கடை ஃப்ளாஷை நான் தூக்குகிறேன், கொடுங்க. வேண்டாமா, நீங்களே வைத்துக்கொள்றீங்களா? சரி. மத்தியானத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடலாம். காளீஸ்வரியிடம் மட்டும் உங்களை ஒரு டாக்டர் என்று சொல்கிறேன், மறுக்காதீங்க.

ஒரே ஒரு சந்தேகம் பாய். கல்யாண வீட்டில், "மாப்பிள்ளை, தோளை இறக்குங்க" என்று சொல்லியிருக்கிறேன். "அத்தை, பொண்ணு மேல உள்ள கோவத்த வெளிய வெச்சிட்டு வாங்க" என்று சொல்லியிருக்கிறேன். கலெக்டரையே நாடியைத் தூக்கச் சொன்ன வாய் இது. எத்தனை பேரை நிறுத்தியிருக்கிறேன், உட்கார வைத்திருக்கிறேன், சிரிக்க வைத்திருக்கிறேன். அவளைத் தள்ளு, தள்ளு என்று மட்டும்தான் சொல்லிப் பழக்கம்.

உள்ளே வா என்பதை எப்படிச் சொல்வது? பஸ்ஸில் போகும்போது யோசித்துச் சொல்லுங்க.